வேப்பிலை, திருநீறு, மஞ்சள்

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைகளைத் தாண்டிப் பத்து நிமிட நடை. பூக்கடை அக்கா மல்லிகைச் சரத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் வழக்கம்போல் ஐந்தாவது மாடியில் காரணமில்லாமல் ஒருமுறை நின்றது. பயப்படும்படி எதுவும் இல்லை.

கட்டடம் பழையது. பத்தாவது மாடியில் எங்கள் கூடம். ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். நாங்கள் பார்ப்பதை வெளியே யாரும் பார்த்துவிடக் கூடாதாம். கைப்பேசியை வாசலிலேயே லாக்கரில் பூட்டிவிட வேண்டும். உள்ளே வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது. ஏர்கோன் இரைச்சல் மட்டும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும்.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘இன்டர்நெட் துப்புரவு’ என்பேன். சிரிப்பார்கள். உண்மையும் அதுதான். செயலி ஒன்றில் மக்கள் போடும் வீடியோக்களிலும் நேரலைகளிலும் புகார் வந்தவை எங்கள் திரைக்கு வரும். தமிழ் மேசையில் நாங்கள் ஒன்பது பேர். பார்த்து, ‘நீக்கு’ அல்லது ‘அனுமதி’ என்று அழுத்த வேண்டும். ஒன்றுக்கு இருபது வினாடி. அதனால் வீடியோக்களை இரட்டை வேகத்தில், எல்லாவற்றையும் சத்தம் இல்லாமல்தான் பார்ப்போம். சத்தத்தோடு பார்த்தால் எண்ணிக்கை எட்டாது. மனசும் தாங்காது.

என் பெயர் குகன். அந்த மேசையில் என் பெயரில் ஒரு சட்டமே இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் தைப்பூசத்தன்று, அலகு குத்திய வீடியோக்களை எல்லாம் இயந்திரம் ‘வன்முறை’ என்று சொல்லி வரிசையாக நீக்கிவிட்டது. என் சித்தப்பா எடுத்த காவடியும் அதில் போய்விட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேலிடத்துக்கு எழுதினேன், வாதாடினேன், கடைசியில் ஜெயித்தேன். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: சடங்கு எது, வன்முறை எது என்று ஒருவனுக்கு இருபது வினாடியில் எப்படித் தெரியும்? நான்தான் எழுதிக் கொடுத்தேன். வேப்பிலை, திருநீறு, மஞ்சள். மூன்றில் இரண்டு கண்ணில் பட்டால் அது மதச் சடங்கு, அனுமதி. ‘குகன் ரூல்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். கேக் கூட வெட்டினோம்.

என் பக்கத்து இருக்கை ஷபானாவுக்கு. ராமநாதபுரத்துப் பெண், வேலை பெர்மிட்டில் வந்தவள். கோயில் சமாச்சாரம் எது வந்தாலும் என் பக்கம் திரும்புவாள். தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற நல்ல குணம் அவளுக்கு. எனக்குத் தெரியும் என்ற மிதப்பு எனக்கு.

அதற்கு முந்தைய வாரம், செவ்வாய்க்கிழமை, அவள் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள்.

“அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க. சாமி ஆடுறதா, அடிக்கிறதா?”

எட்டிப் பார்த்தேன். ஏதோ ஒரு வீட்டுக் கூடம். மஞ்சள் சேலையில் ஈரத் தலையோடு ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். காவி கட்டிய ஒருவன் வேப்பிலைக் கட்டோடு அவளைச் சுற்றி வந்தான். நெற்றி நிறையத் திருநீறு. ஓரத்தில் ரோஜாப் படங்களும் தங்க நாணயப் படங்களும் மிதந்து மேலே போயின. பார்க்கிறவர்கள் அனுப்பும் பரிசுகள். மூவாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பேய் ஓட்டுறாங்க, லா. சடங்குதான். விட்டுடு.”

“அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுதுண்ணே.”

“சாமி வந்தா பேசத்தான் செய்யும். மூணும் இருக்கு பார். விடு.”

நான்கு வினாடி ஆகியிருக்கும். முடிவு என் ஊழியர் எண்ணில் பதிவாகட்டும் என்று அதை என் திரைக்கு மாற்றி நானே ‘அனுமதி’யை அழுத்தினேன்.

சனிக்கிழமை செய்தி வந்தது. அவள் பெயர் சீதாலெட்சுமி. வயது இருபத்தாறு. பிறந்த குழந்தை இறந்து போனதில் பேச்சு நின்று போனவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று கணவன் வீட்டார் சாமியாரை அழைத்திருக்கிறார்கள். மூன்று நாள் நேரலை. மூன்றாம் நாள் அவள் எழுந்திருக்கவில்லை. படத்தில் அதே மஞ்சள் சேலை.

அன்று முழுக்க என்னால் சோறு தின்ன முடியவில்லை. மேலாளர் ராதாகிருஷ்ணனுக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் இல்லை. “ரூல் படிதானே பண்ணே குகன். உன் ஸ்கோர் தொண்ணூத்தெட்டு. தப்பு உன் மேல இல்ல, போய்த் தூங்கு” என்றார்.

அதற்குப் பின் வந்ததுதான் நான் சொன்ன திங்கட்கிழமை.

பத்து மணி இருக்கும். வரிசையில் ஒரு நேரலை வந்து விழுந்தது. கணக்கின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. புகார்கள், சுழியம். பார்ப்பவர்கள், ஒன்று.

அந்த ஒன்று நான்தான்.

முதலில் வாசனை வந்தது. பச்சை வேப்பிலையைக் கசக்கினால் வருமே, அந்தக் கசப்பு. கூடவே அணைந்த கற்பூரத்தின் புகை. ஏர்கோன் காற்றில் அது என் முகத்தில் அடித்தது.

பிறகு படம் தெளிந்தது.

மஞ்சள் சேலை. ஈரத் தலை. அவள் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் இல்லை, பரிசுப் படங்கள் இல்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

உதடுகள் அசைந்தன.

‘நீக்கு’ என்று அழுத்தினேன். திரை வெளுத்தது. அடுத்த வீடியோ வந்தது.

அவளேதான்.

மறுபடி நீக்கினேன். மறுபடி வந்தாள். ஒவ்வொரு தடவையும் முகம் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. ஐந்தாவது தடவை என் விரல் தவறிப் பக்கத்துப் பொத்தானில் பட்டது. அனுமதி.

போய்விட்டாள்.

“அண்ணே,” ஷபானா கிசுகிசுத்தாள், “யாரு உள்ளாற வேப்பிலை கொண்டாந்தது?”

“என் ஸ்க்ரீன்ல என்ன தெரிஞ்சுது உனக்கு?”

“ஒண்ணும் இல்லையே. கறுப்பா இருந்துச்சு. ஏன்ண்ணே?”

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தாள். அன்றும் ‘அனுமதி’ கொடுத்த பிறகுதான் போனாள். அன்று மத்தியானம் நான் சாப்பிடப் போகாமல் பக்கத்துத் தெருக் கோயிலுக்குப் போய், பூசாரி தம்புசாமியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நெற்றியில் திருநீறு இட்டுவிட்டு, “அவ கண்ண மட்டும் பாத்துறாத தம்பி. மறிக்காம வழி விட்டுடு. போயிருவா” என்றார்.

எனக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது போல் இருந்தது. வழி விடுவதற்கென்றுதான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். அனுமதி. அவ்வளவுதானே.

அப்படியே செய்தேன். அவள் கண்ணைப் பார்க்கக் கூடாது என்பதால் அவளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டே அழுத்துவேன். ஒரு நாள் ரோஸ் நிறச் சுவர், அதில் நின்று போன கடிகாரம். ஒரு நாள் ஆணியில் தொங்கும் பள்ளிக்கூடப் பை. ஆறாவது நாள் ஒரு மீன் தொட்டி, உள்ளே சிவப்புப் பிளாஸ்டிக் கோட்டை. சுவர் ஏன் மாறுகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. பேய்க்கு வீடு ஏது, வாசல் ஏது என்று இருந்துவிட்டேன். அவள் உதடுகள் மட்டும் விடாமல் அசைந்துகொண்டிருப்பது கண்ணின் ஓரத்தில் தெரியும். என்னைச் சபிக்கிறாள் என்று நினைத்தேன். சபிக்கட்டும், பட வேண்டியவன்தான். ஹெட்போன் கொக்கியிலேயே தொங்கியது.

ஒன்பது வேலை நாள். ஒன்பது அனுமதி.

ஒன்பதாவது நாள் ராதாகிருஷ்ணன் எல்லோரையும் கூப்பிட்டார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோடு தமிழ் மேசை மூடப்படுகிறதாம். இயந்திரம் எங்கள் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டது.

“முக்கியமா குகனோட முடிவுங்கள வச்சுத்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தாங்க,” என்று என் தோளைத் தட்டினார். “இப்ப நீ எப்படிப் பாப்பியோ அப்படியே அதுவும் பாக்குது. பெருமைப்படு.”

ஷபானா தலையைக் குனிந்துகொண்டாள். மேசை போனால் அவள் பெர்மிட்டும் போகும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பொது விடுமுறை. அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது ரயிலில் செய்தியைப் பார்த்தேன். காஜாங் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பு. இன்னொரு பெண், இன்னொரு சாமியார், இன்னொரு நேரலை. சீதாலெட்சுமியின் வீடியோவை இலட்சம் பேர் பார்த்ததால் அதைப் பார்த்துப் புதிதாகக் கிளம்பிய சாமியாராம். அவளும் எழுந்திருக்கவில்லை.

செய்தியோடு அந்த வீட்டுக் கூடத்தின் படம் போட்டிருந்தார்கள்.

மூலையில் மீன் தொட்டி.

உள்ளே சிவப்புப் பிளாஸ்டிக் கோட்டை.

அலுவலகத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வந்ததும் என் பழைய முடிவுகளைத் திறந்தேன். தொண்ணூறு நாள் வரைக்கும் பழையவை கிடைக்கும். இந்த ஒன்பதில் ஒன்றைக் கூடத் திறக்க முடியவில்லை. எண் மட்டும் இருந்தது, ‘மதச் சடங்கு, அனுமதிக்கப்பட்டது’ என்ற வரி இருந்தது, படம் இல்லை. ஆனால் சீதாலெட்சுமி உயிரோடு இருந்தபோது வந்த அந்த முதல் நேரலை இருந்தது. நாற்பத்தோரு பேர் அதன் மேல் புகார் கொடுத்திருந்தார்கள். அன்று நான் அந்த எண்ணைக் கூடப் பார்க்கவில்லை.

மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஹெட்போனை மாட்டினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

உடுக்கைச் சத்தத்துக்கு அடியில் அவள் குரல் மெல்லியதாக இருந்தது. கத்தவில்லை. கத்திப் பார்த்து ஓய்ந்தவளின் குரல்.

“எனக்குப் பேய் இல்ல. பிள்ள போன துக்கம்தான். யாராச்சும் போலீஸ்க்குச் சொல்லுங்க. ஜாலான் மூணு, வீடு நம்பர் இருபத்தேழு. ஜாலான் மூணு, நம்பர் இருபத்தேழு…”

தாமானின் பெயரையும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். கிள்ளானில் என் வீட்டிலிருந்து அது ஆறு நிமிடத் தூரம்.

கீழே கருத்துகள் ஓடின. ‘பேய் அட்ரஸ் எல்லாம் சொல்லுதுடா.’ ‘நல்லா நடிக்குது.’ ‘சாமி, விடாதீங்க.’

ஹெட்போனைக் கழற்றினேன். அவள் உதடுகள் அசைந்த விதம் எனக்குப் பழக்கமானது. ஒன்பது நாளும் கண்ணின் ஓரத்தில் பார்த்ததுதான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் அசைவு.

அவள் சபிக்கவில்லை. விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தனக்கு நடந்தது அடுத்து எந்தெந்த வீட்டில் நடக்கப் போகிறதோ, அந்தந்த வீட்டில் போய் உட்கார்ந்து எனக்குச் சொல்லியிருக்கிறாள். நான் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கொடுத்தேன். காஜாங் ஒன்று. மீதி எட்டு வீடு.

ராதாகிருஷ்ணனின் அறைக்கு ஓடினேன். அந்தச் சட்டத்தை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். காலில் விழவில்லை, அவ்வளவுதான்.

“என் கையில ஒண்ணும் இல்ல குகன்,” என்றார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “ரூல் மெஷினுக்குள்ள பூட்டியாச்சு. இனிமே மாத்தணும்னா அந்தப் பக்கம் கேக்கறதுக்கு ஆள் வேணும். ஆளே இல்லையே.”

போலீஸ் நிலையத்துக்கும் போனேன். அந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். எந்த வீடு? ரோஸ் நிறச் சுவர், நின்ற கடிகாரம் என்றேன். எந்த ஊர்? தெரியாது. யார் சொன்னது? சீதாலெட்சுமி என்றேன். அவர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேனாவும் தாளுமாகக் காத்திருந்தேன். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. வேறு வீடியோக்கள் வந்தன. சண்டை, சூதாட்டம், ஆபாசம். அவள் வரவில்லை. புதன்கிழமை வரவில்லை. வியாழக்கிழமை வாய்விட்டே கூப்பிட்டேன். “சீதா, வாம்மா. கேக்கறேன்மா. இப்பக் கேக்கறேன்.”

ஷபானா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நான் அன்னிக்கே சத்தம் வச்சுக் கேட்டுருக்கணும்ண்ணே. உங்ககிட்ட கேட்டுட்டு விட்டுட்டேன்.”

அந்தப் பெண் ஏதோ சொல்கிறாள் என்று கவனித்தவள் அவள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். யாரோ கறுப்புத் தாளைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். கூடத்துக்குள் வெயில் விழுந்தது. ஷபானா விமானத்துக்கு நாள் குறித்துவிட்டதாகச் சொன்னாள். நான் கொமுட்டர் ஏறினேன்.

பெட்டியில் நல்ல கூட்டம். பள்ளிப் பிள்ளைகள், ஷா ஆலம் தொழிற்சாலைக்கு மாலை ஷிப்ட் போகிறவர்கள், போர்ட் கிள்ளான் வரைக்கும் தூங்கிக்கொண்டே போகிறவர்கள். என் பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி போனில் வீடியோ தள்ளிக்கொண்டிருந்தாள். ரயில் பெட்டாலிங் நிலையத்தைத் தாண்டியிருக்கும்.

கசந்த வாசனை வந்தது.

அவள் விரலுக்கு அடியில் மஞ்சள் ஒரு கணம் தெரிந்தது. ஈரத் தலை. பின்னால் நான் பார்த்தேயிராத நீலச் சுவர்.

உதடுகள் அசைந்தன.

விரல் தள்ளியது.

“தங்கச்சி,” என்றேன். “இப்பப் போச்சே, அது. திருப்பி வை. சத்தம் வையும்மா.”

“எது அங்கிள்?”

“மஞ்சள் சேலை. ஒரு அட்ரஸ் சொல்லுவா. கேட்டுச் சொல்லும்மா, எழுதிக்கிறேன்.”

அவள் பின்னோக்கித் தள்ளிக் காட்டினாள். கேக் செய்கிற வீடியோ. அதற்கு முன்னால் பூனை. “அப்படி ஒண்ணும் இல்லையே அங்கிள்,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பையை அணைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவர். கம்பியில் சாய்ந்து நின்ற சீனப் பையன். குழந்தையை மடியில் வைத்திருந்த அம்மா. முப்பது நாற்பது தலைகள் குனிந்திருந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு திரை. ஒவ்வொரு திரையிலும் மஞ்சள் ஒரு கணம் வந்தது, விரல் பட்டு மேலே போனது. ஒவ்வொன்றிலும் வேறு சுவர். மீதி எட்டு வீடு மட்டும் இல்லை. எண்ணவே முடியவில்லை.

எல்லாவற்றிலும் அவள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அமைதி காக்கவும், போனில் சத்தம் வைக்க வேண்டாம் என்று ரயில் கதவுக்கு மேலே அழகாக ஒட்டியிருந்தார்கள். பெட்டியில் ஒருவர் கூட அதை மீறவில்லை.